செலஸ்தீனாள் தூங்கும் நேரம்

உவர்த்துறையில் செலஸ்தீனாள் தூங்கும்போது அவள் மூச்சு நிற்கும். அவள் மூச்சு நிற்கும்போது தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். நின்ற மூச்சு திரும்பி வரும்போது தெருவில் யாராவது ஒருவர்மேல் ஓர் அடி விழும். அடித்த கை யார் கண்ணுக்கும் தெரியாது. அடி மட்டும் தெரியும்.

முதல் அடி டீக்கடை லாசருக்கு விழுந்தது. நல்ல மத்தியானம், கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்த நேரம், லாசர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் வீட்டிலிருந்து செலஸ்தீனாளின் குறட்டை விசைப்படகு எஞ்சின் மாதிரி வந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றது, பிறகு ஒரு பெருமூச்சாகத் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் லாசரின் இடது கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்து, கடைவாய்ப் பல் ஒன்று டீக்குள் போய் விழுந்தது. டீக்குக் காத்து நின்றவர் கிளாசை எட்டிப் பார்த்துவிட்டு, "வேற டீ போடும்வே" என்றார்.

மறுநாள் ஐஸ் லாரி டிரைவருக்கு முதுகில் ஒரு மிதி. அதற்கடுத்த நாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு. உச்சந்தலையில் ரத்தம் கசிந்தது. ஒரு வாரத்துக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. மத்தியான பஸ்ஸின் கண்டக்டர் ஊர் எல்லையில் விசில் கொடுத்து, "உவர்த்துறை வருது, தலைய குனிஞ்சுக்கோங்க" என்பார். மோட்டார் சைக்கிளில் போகிறபோது தலைக்கவசம் போடாதவர்கள் மத்தியானம் வீட்டுக்குள் சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைத் தாய்வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பினார்கள். யாரும் செலஸ்தீனாளிடம் போய், தூங்காதே என்று சொல்லவில்லை. அவள் ஏலக்காரி, இருட்டோடு கரைசேரும் படகுகளின் சீலாவையும் விளமீனையும் பாறை மீனையும் கூறு கூறாகப் பிரித்து விடியும்வரை தொண்டை கிழிய ஏலம் கூறுகிறவள். பகலில் தூங்காமல் எப்போது தூங்குவாள்?

அவள் உடம்பு பெரிய உடம்பு. எந்த நாற்காலியும் அவளுக்குக் காணாது. கவிழ்த்துப்போட்ட ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்துதான் ஏலம் கூறுவாள். சிப்பிக்குள் மணல் புகுந்துவிட்டால் சிப்பி என்ன செய்யும் என்று முத்துக் குளித்த அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துப்ப முடியாததைச் சுற்றி அது பூசும், பூசியதன்மேல் பூசும். செலஸ்தீனாளின் உடம்பும் அப்படித்தான் செய்தது. அவள் புருசன் ரெமிசியூஸ், கல்யாணமான வருசத்திலிருந்து அவளுக்குக் கொடுத்த ஒவ்வொரு அடியையும் அது வாங்கி உள்ளே வைத்து, வலிக்காமலிருக்கச் சதையைச் சுற்றிப் பூசிற்று. குழம்பில் உப்புக் கூடியதற்கு வாங்கிய அறை தாடையில், ஏலத்தில் ஒரு வியாபாரியோடு சிரித்துப் பேசியதற்கு வாங்கிய மிதி இடுப்பில். இனி இடமில்லை என்றான நாளில்தான் அது தூக்கத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது.

ஊர் இதற்கு வேறு கணக்குப் போட்டது. அந்தக் கரையில் பொருள் தொலைந்தால் புனித அந்தோனியாரிடம் நேர்ந்துகொள்வார்கள். அவர் களவையும் காட்டிக் கொடுப்பார், களவாணியையும் காட்டிக் கொடுப்பார். ஆகவே மத்தியானம் விழுவது அந்தோனியார் அடி என்றும், அடிபட்டவன் ஏதோ செய்திருக்கிறான் என்றும் ஊர்க்கமிட்டித் தலைவர் பர்னபாஸ் சொன்னார். பங்குச்சாமியார், "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று பிரசங்கத்தில் சொன்னார். அவருக்கும் திங்கட்கிழமை ஒன்று விழுந்தது. அதன்பிறகு அவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை. வழக்கு என்றால் இரண்டு தரப்பையும் செலஸ்தீனாள் வீட்டுக்கு முன்னால் கொதிக்கிற மணலில் உட்காரவைத்துவிட்டு, அவள் தூங்கக் காத்திருந்தார்கள்.

அடிபட்ட கன்னங்களில் எல்லாம் ஒரே தடம்தான் இருந்தது. ஒரு பெருவிரல், மூன்று நீளவிரல், ஐந்தாவது இடத்தில் ஒரு மொட்டை. படகில் வலை இழுக்கிற விஞ்சுக் கயிற்றில் சிக்கிச் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவன் உவர்த்துறையில் ஒரே ஒருவன்தான். தடத்தைப் பார்த்த எல்லாருக்கும் அது யார் கை என்று தெரியும்; தெரிந்த எல்லாரும் அந்தோனியார் என்றே சொன்னார்கள்.

ரெமிசியூசுக்கும் தெரியும். லாசரின் கன்னத்தைப் பார்த்த அன்றே அவன் தன் கையைப் பார்த்தான், பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அன்றோடு அடிப்பதை விட்டான். மத்தியான மணி அடிப்பதற்கு முன்னால் படகைத் தள்ளிக்கொண்டு, கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்துக்குப் போய் நங்கூரம் போட்டுவிட்டு, அவள் விழித்து அடுப்பு மூட்டிய புகை தெரிந்த பிறகுதான் திரும்புவான். அவன்மேல் ஓர் அடிகூட விழவில்லை.

"ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம வாங்கியாச்சு, ரெமிசியூசத் தவிர" என்றார் பர்னபாஸ். "அவன்தாம்வே சுத்தமான மனுசன்." திருவிழாக் கொடியேற்றத்தில் கயிறு பிடிக்கிற மரியாதையை அந்த வருசம் ரெமிசியூசுக்குக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் இல்லாத கையால் அவன் கயிறு இழுத்தான். கொடி ஏறிற்று.

செலஸ்தீனாள் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது உடம்பில் ஏதாவது ஓர் இடம் லேசாகியிருக்கும். அந்த லேசு அவளுக்குச் சந்தோசமாக இருக்கும். அந்தச் சந்தோசம் வாசலுக்கு வருகிறவரைதான். வாசலில் யாராவது அடிபட்ட காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். அவள் கறி ஆக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்க மூச்சிரைக்க நடந்து, அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள். இது என் புருசன் அடி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். லாசரின் மனைவி காதில் விழாததுபோல், "கறில புளி கூடப் போச்சு மைனி" என்றாள்.

அந்தக் கோடையில் பர்னபாசின் படகு எஞ்சின் காணாமல் போனது. கிழிந்த வலைகளைப் பொத்துகிற தொபியாசையும் இன்னும் சிலரையும் மணலில் உட்காரவைத்தார்கள். செலஸ்தீனாளின் மூச்சு நின்றது, வந்தது, தொபியாசின் வலது காதில் ஒரு குத்து விழுந்து ரத்தம் கழுத்தில் ஓடிற்று. அந்தோனியார் தொடங்கியதை ஊர் முடித்துவைத்தது. நங்கூரக் கயிற்றால் அடித்தார்கள், கல்லால் அடித்தார்கள், வலை பொத்துகிற கையைப் படகின் விளிம்பில் வைத்து பர்னபாஸ் தன் காலால் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தத்தில் செலஸ்தீனாள் விழித்துக்கொண்டாள். மறுநாள் எஞ்சின் கிடைத்தது. பர்னபாசே அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு மறந்திருந்தார். "இந்தக் களவு இல்லன்னா வேற களவு இருக்கும்" என்று சொல்லி, தொபியாசுக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பினார்.

செலஸ்தீனாள் தொபியாசைப் பார்க்கப் போனாள். அவன் வலையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கோவம் இல்லக்கா" என்றான் வலையைக் கடித்தபடியே. "நீ விட்ட அடிதான. அது போவேண்டிய வீட்டுக்குப் போச்சு, ஆளு இல்ல, பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போச்சு."

"உள்ள பெருசா ஒண்ணு கெடக்கு தொபியாசு" என்றாள் அவள். "அது கையில்ல. தண்டு."

தொபியாஸ் வலையை வாயிலிருந்து எடுத்தான். தண்டு என்பது படகு வலிக்கிற துடுப்பு. அவள் வயிற்றில் பிள்ளை ஆறு மாதமாக இருந்தபோது அந்தத் துடுப்பால் முதுகில் வாங்கியதையும், இரண்டு நாள் கழித்து ஒரு பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாமல் வைத்ததையும் ஊர் அறியும். மற்றவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தாலும் அந்த அடி மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறுக்கே நின்றது. அவள் மூச்சை நிறுத்துவதே அதுதான்.

"அது யார்மேல விழுந்தாலும் ஆளு இருக்க மாட்டான்" என்றாள்.

நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் வேறொரு பக்கத்திலிருந்து அதையே சொன்னார். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, சர்க்கரை ஏறிவிட்டது, இருதயம் திணறுகிறது, இரைப்பையைச் சுருக்கி ஆபரேசன் செய்தால்தான் அவள் அடுத்த திருவிழாவைப் பார்ப்பாள் என்றார். "ஆனா தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குதுன்னு சொல்றாங்க. அத அளந்து பாக்காம மயக்க மருந்து குடுக்க முடியாதும்மா. இங்க வந்து ஒருநாள் தூங்கணும். நீங்க பகல்ல தூங்குறவங்க, அதனால பகல்லயே வச்சுக்கலாம்."

"நான் தூங்கும்போது பக்கத்துல யாரு இருப்பா?"

"ஒரு பொண்ணு இருப்பா. பக்கத்து ரூம்ல உக்காந்து கவனிப்பா."

அந்தப் பெண் செண்பகக்கனி அப்போது கதவருகில் நின்றாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், கல்லூரி முடித்த முகம், கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. செலஸ்தீனாள் அவள் முதுகைப் பார்த்தாள். வயது கணக்குப் போட்டாள். கல்லறைத் தோட்டத்தில் வைத்தது இருந்திருந்தால் இந்த உயரம்தான் இருந்திருக்கும். தேதி வாங்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

பிறகு அவள் தூங்காமல் கிடந்தாள். கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுக்கொண்டாள், ஐஸ்கட்டிமேல் காலை வைத்துக்கொண்டு மத்தியானத்தைக் கழித்தாள். கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் முதுகெலும்பு தண்டின் கீழே சுள்ளியாக ஒடிகிற சத்தம் கேட்டது. சோதனைக்குப் போகாவிட்டால் அவள் சாவாள். போனால் அந்தப் பெண் சாவாள். உதடு நீலம் பாரித்தது. அடி விழாத தெருவில் வழக்குகள் தேங்கின.

கமிட்டியார் வந்தார்கள். பர்னபாஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேரு செலசு, அந்த மெசினு கிசினு எல்லாம் வேண்டாம். நீ மெலிஞ்சு மூச்சு சீரானா ஊருக்கு யாரு ஞாயம் சொல்லுவா?" என்றார்.

"அவ செத்தா மட்டும் ஞாயம் சொல்லுவாளாக்கும்?" என்றாள் அவர் மனைவி இன்னாசியம்மாள் பின்னாலிருந்து. ஊருக்கெல்லாம் கேட்கிற வாய் அவளுக்கு. கண்ணுக்குக் கீழே மட்டும் எப்போதும் ஒரு கருநீலம் இருக்கும், கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள்.

"வாய மூடுட்டி."

"சரி, போறதுதான்னா யாரு கூடப் போவா?" என்று ஒருவர் கேட்டார். நோயாளிக்குத் துணையாக ஓர் ஆள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். செலஸ்தீனாள் தூங்குகிற அறையில் உட்கார ஊரில் யார் துணிவார்கள்? எல்லாரும் கொஞ்சம் பின்வாங்கினார்கள். அப்போதுதான் செலஸ்தீனாளுக்குப் புலப்பட்டது. நெஞ்சுக்குள் குறுக்கே கிடந்த தண்டு மெல்லத் திரும்பி, நீளவாக்கில் நின்றது.

"எம் புருசன் வரட்டும்" என்றாள்.

ரெமிசியூஸ் வாசலில் நின்றிருந்தான். "எனக்கு... கடலுக்குப் போணும்" என்றான்.

தெரு சிரித்தது. "ஒமக்கு என்னவே பயம்?" என்று பர்னபாஸ் அவன் முதுகில் தட்டினார். "ஒம்ம மேலதான் ஒண்ணும் விழாதே! சுத்தமான மனுசன் நீரு போவாம வேற யாரு போவா?" கொடிக்கயிறு பிடித்தவனை வேனில் ஏற்றினார்கள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். பிடித்த விரல்களைச் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள். பர்னபாசும் இன்னும் இரண்டு பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி அறையில் திரை போட்டு மத்தியானத்தை இருட்டாக்கியிருந்தார்கள். செண்பகக்கனி செலஸ்தீனாளின் தலைமயிரை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி ஒயர்களை ஒட்டினாள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டினாள், மூக்கில் சிறு குழாய் வைத்தாள், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள்.

"நான் தூங்குனப்புறம் நீ இந்த ரூமுக்குள்ள வராத மக்கா" என்றாள் செலஸ்தீனாள்.

"ஒயரு கழண்டா வரணும்ல ஆன்ட்டி?"

"கழண்டாலும் வராத. நான் சத்தியமாச் சொல்லுதேன்."

"எல்லாருக்கும் இங்க பயமாத்தான் இருக்கும் ஆன்ட்டி. சும்மா கண்ண மூடுங்க. தூங்குறத நாங்க பாத்துக்கறோம்." அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் போனாள்.

கட்டிலருகே துணைக்கு உட்காரவைத்திருந்த ரெமிசியூஸ் எழுந்து கதவைத் திறந்தான். வெளியே பெஞ்சில் பர்னபாஸ் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "பொண்டாட்டிய விட்டுட்டு எங்கவே கெளம்பிட்டீரு?" என்றார். ரெமிசியூஸ் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்; காற்று எந்தப் பக்கம் திரும்பும், கணவாய் எந்த மாதம் கரைக்கு வரும், லாசர் டீயில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறான், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான், அவள் கண் செருகும்போதெல்லாம் கையைக் கிள்ளினான்.

"இம்புட்டுப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

"தூங்காத செலசு. தாயி, தூங்காத. நான் என்ன பெருசாப் பண்ணிட்டேன்? எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான?"

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். பல நாள் தூங்காதவள். நங்கூரம்போல் நேரே கீழே போனாள்.

குறட்டை எழுந்து அறைக் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு நின்றது. ரெமிசியூஸ் சோதனையைக் கெடுத்தாவது அவளை எழுப்ப வேண்டும் என்று நெஞ்சுப் பட்டையைப் பிய்த்தான், தலையிலிருந்த ஒயர்களைப் பிடித்து இழுத்தான், மயிரோடு வந்தன. மானிட்டர் திரையில் கோடுகள் அறுந்ததைப் பார்த்து செண்பகக்கனி ஓடிவந்தாள். "சார், என்ன பண்றீங்க!" அவன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, சங்கிலியோடு கழுத்தை வளைத்து, தனக்கு முன்னால் கேடயம்போல நிறுத்திக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்தான்.

செலஸ்தீனாள் கடலின் அடியில் இருந்தாள். காலில் கல் கட்டி இறங்குகிற முத்துக்குளிப்பவன்போல அவள் அடிமணலில் நின்றாள், மேலே வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது, மேலேயிருந்து ஒரு பெண் அலறுவது தண்ணீர் வழியாகக் கேட்டது. தண்டு தொண்டைவரை வந்துவிட்டது. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். நெஞ்சு வெடித்தது, காதுக்குள் ரத்தம் இரைந்தது, கண்ணுக்குள் கறுப்பு பூத்தது, அவள் விடவில்லை. செத்தாலும் இங்கேயே சாகிறேன், அந்தப் பிள்ளைமேல் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள், கடித்த பல்லில் ஒன்று பிளந்தது.

மேலே செண்பகக்கனி அவன் கையைக் கடித்தாள், மொட்டை விரலின் அடியில், எலும்புவரைக்கும். அவன் பிடி தளர்ந்தது. அவள் வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை, கட்டிலில் கிடந்தவளின் முகம் கருநீலமாகிவிட்டதைப் பார்த்து அவளிடம்தான் ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கி, "ஆன்ட்டி! மூச்ச விடுங்க! மூச்ச விடுங்க ஆன்ட்டி!" என்று கத்தினாள்.

மேலே படகிலிருந்து கயிற்றை அசைத்ததுபோல இருந்தது செலஸ்தீனாளுக்கு. பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவள் மூச்சை விட்டாள்.

நனைந்த மரத்தின் வாடை அறையில் அடித்தது. அடி ரெமிசியூசின் முதுகில் விழுந்தபோது மரம் முறிகிற சத்தமும் எலும்பு முறிகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன, அவன் இரண்டாக மடிந்து தரையில் விழுந்தான். அதோடு நிற்கவில்லை. மிச்சமிருந்ததற்கெல்லாம் வழி திறந்துவிட்டது. அவள் சீராக மூச்சுவிட்டாள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று விழுந்தது. உப்புக்கு விழுந்தது, சிரித்ததற்கு விழுந்தது, பதில் சொன்னதற்கு விழுந்தது, பதில் சொல்லாததற்கு விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பர்னபாஸ், ரெமிசியூசின் கன்னத்தில் தடம்மேல் தடமாக எழுவதைப் பார்த்தார். பெருவிரல், மூன்று விரல், ஒரு மொட்டை. கையிலிருந்த கடலை கீழே சிந்தியது. அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

செலஸ்தீனாள் விழித்ததும், தரையைப் பார்க்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றாள் செண்பகக்கனி, வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "நல்லாத் தூங்கினீங்க."

ஆபரேசன் நடந்தது. ரெமிசியூஸ் சாகவில்லை, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், அவளுடைய ஐஸ்பெட்டி பக்கத்தில் ஒரு பாயில் கிடந்தான், ஊர் அவன் முகத்தைப் பார்த்தது, பிறகு தன் முகத்தைத் தடவிக்கொண்டது. தொபியாசின் வீட்டுக்குக் கமிட்டியார் ஒவ்வொருவராகப் போய் அவனுடைய வலைகளைப் பொத்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவன் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கண்ணி பெரிதாக விட்ட இடங்களைப் பிரித்துக் காட்டி மறுபடியும் பொத்தவைத்தான்.

இப்போது செலஸ்தீனாள் மத்தியானத்தில் சீக்கிரமே விழித்துவிடுவாள். வாசலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி மோரைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பாள். தெருவில் ஓர் ஆண்பிள்ளை இருக்கமாட்டான். மத்தியான மணி அடித்து அவரவர் மனைவிமார் கண்ணயர்வதற்கு முன்பே உவர்த்துறையின் படகெல்லாம் கடலுக்குப் போய், கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். வலை வீசாமல், வெயிலில், கரையைப் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் ஒரே ஒரு படகு மட்டும் கரையில் நின்றது. பழுதான எஞ்சின் பர்னபாசை மறுபடியும் கைவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் இன்னாசியம்மாளுக்கு முதல்முறையாகக் குறட்டை வந்தது, ஏறிற்று, இன்னும் ஏறிற்று, சட்டென்று நின்றது. அந்த வீட்டுக்குள் யாரோ முண்டியடித்துக்கொண்டு கதவின் தாழ்ப்பாளைத் தேடுகிற சத்தம் கேட்டது.

செலஸ்தீனாள் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் உள்ளங்கையைப் பதித்து, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிறதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"மூச்ச விடு மைனி."